நன்றி சொல்லாத விருந்தாளி

"ஈரமா இருக்கு."

"எது?"

"குழலுக்கு உள்ளே. நீங்களே பாருங்கம்மா. நேத்துத்தான் கழுவி வெச்ச மாதிரி."

"நாப்பது நாளா கம்பளியில சுத்திக் கட்டிலுக்கு அடியில கிடந்தது. சுத்தி வெச்சதே நான்தான். இந்த நாப்பது நாள்ல இந்த ஊர்ல என் கண்ணைத் தவிர வேற எதுவும் நனையல."

"உன் கண்ணும் நனைஞ்ச மாதிரி தெரியலையே அக்கா," என்றான் விதால்.

நிமியா தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மேசைமேல் இருக்கும் எதையாவது எடுத்து அவன் முகத்தில் எறிந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஒன்பது வருடம் அப்பாவின் மூத்திரத் துணியைத் துவைத்தவள் அவள். அவன் புவெனோஸ் அய்ரெஸுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். முதல் இரண்டு வருடம் பணம் அனுப்பினான், அப்புறம் வாழ்த்து அனுப்பினான், அப்புறம் அதுவும் இல்லை. அப்பாவைப் புதைத்த முப்பத்தேழாம் நாள் பேருந்திலிருந்து இறங்கியவன், கல்லறைக்குக்கூடப் போகாமல் வீட்டுச் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

சன்னலோரம் நின்று, சாத்திய பலகையின் இடுக்கில் விழுந்த வெளிச்சத்துக்கு நேராகக் குழலைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர் டோன் எலிகியோ. முப்பத்தொரு வருடம் ராணுவ ஆயுதக் கிடங்கில் இருந்தவர். போலீவிய எல்லையையொட்டிய சாக்கோ நெடுஞ்சாலை நெடுகிலும் எந்த வீட்டுப் பரணில் பழைய போர்த் துப்பாக்கி அகப்பட்டாலும் அவருக்குத்தான் ஆள் போகும். அவர் சொன்னதே விலை. ஆனால் இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வரப்போவது விலை மட்டுமல்ல. விதாலுக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர், தாத்தா காலத்துப் போரில் போலீவியாக்காரர்களிடமிருந்து வந்த இந்த ரைஃபிளுக்கு வீட்டின் பாதி விலையைவிடக் கூடுதலாகவே தருவதாகச் சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான். எல்லா உறுப்பிலும் ஒரே எண் இருக்க வேண்டும், குழல் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் விதால் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான், வீடு நிமியாவுக்கு. ஒரு திருகாணி மாறியிருந்தாலும் வீடு விற்பனைக்கு. வாங்கக் காத்திருக்கும் மாட்டுப்பண்ணைக்காரன் இரண்டு முறை வாசலில் வண்டியை நிறுத்திக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். தன் பங்கை விதால் அக்காவுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம் எழுதியாகிவிட்டது. அவன் கையெழுத்து மட்டும் இல்லாமல் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது.

மதியம் இரண்டு மணி. வடக்குக் காற்று நான்காவது நாளாக நிற்காமல் வீசிக்கொண்டிருந்தது. அது வீசும் நாட்களில் போசோ தோர்தோலாவில் நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள மாட்டார்கள், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். தகரக் கூரை சூட்டில் நெட்டி முறித்தது. கதவிடுக்கு வழியாக வந்த மாவு போன்ற புழுதி மேசைமேலும் நாக்கின்மேலும் ஒரே அளவாகப் படிந்தது. தண்ணி லாரி வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டு மழைத்தொட்டியின் அடியில் ஒரு சாண் தண்ணீர், அதன்மேல் செத்த வண்டுகள்.

இளையவன் என்பதால் தெரெரே ஊற்றும் வேலை விதாலுடையது. மாட்டுக்கொம்புக் குவளையில் மாத்தே இலைத்தூள், அதில் குத்திய ஓர் உறிஞ்சி, டோன் எலிகியோ தோளில் மாட்டிக்கொண்டு வந்த குடுவையில் ஐஸ் மிதக்கும் தண்ணீர். அந்த ஒரே குவளை சுற்றிச் சுற்றி வந்தது. அவருக்கு, அவளுக்கு, தனக்கு, மறுபடி அவருக்கு. போதும் என்றால் நன்றி சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அப்புறம் ஊற்றுவதில்லை. சொல்லாதவருக்கு ஊற்றாமல் இருப்பதும் இல்லை. யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

டோன் எலிகியோ ரைஃபிளை ஒரு பழைய போர்வையின்மேல் பிரித்துப் பரப்பினார். போல்ட்டை உருவி அதன் கைப்பிடி அடியில் பூதக்கண்ணாடியை வைத்தார். "எழுபத்தொண்ணு." கட்டையின் அடித்தகட்டைக் கழற்றினார். "எழுபத்தொண்ணு." வளையங்கள், குறிபார்க்கும் தகடு, விசைப்பட்டை. ஒவ்வொரு எழுபத்தொன்றுக்கும் நிமியாவின் நெஞ்சுக்குள் ஒரு தாழ்ப்பாள் விலகியது. சமையலறை என்னுடையது. முற்றத்து அல்கரோபா மரம் என்னுடையது. அப்பா செத்த அறை என்னுடையது, அதை வெள்ளையடித்துக் கோழிகளை அடைக்கப் போகிறேன்.

"யாராவது கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேச்சிருந்தா இங்கேயே எழுந்து போயிருப்பேன்," என்றார் அவர். "பளபளன்னு வெச்சா விலை ஏறும்னு நினைச்சு பாதி ஊரு பாழாக்கி வெச்சிருக்கு. உங்க வீட்டுல ஒருத்தரும் தொடல. நல்ல சோம்பேறிங்க."

"அது எங்கப்பா வழி," என்றான் விதால். "அக்கா வேற வழி. அவ தேய்ச்சா எலும்பு வரைக்கும் தேய்ப்பா."

டோன் எலிகியோ நீளக் கம்பியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். ஈரம். இன்னொரு துணி. ஈரம். எட்டுத் துணி ஆயிற்று, எட்டிலும் ஈரம் குறையவில்லை, அழுக்கும் இல்லை. எட்டாவதை அவர் மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று விலக்கினார். நிமியாவுக்கும் அடித்தது அந்த வாடை. எண்ணெயும் இல்லை, துருவும் இல்லை. அது வாய் வாடை. கடைசி வாரத்தில், விழுங்க முடியாமல் போனபின், அப்பாவின் வாய் திறந்தபடியே கிடந்தபோது அறை முழுக்க நின்ற வாடை.

"பாவம், தாகமா இருக்கும்," என்றான் விதால். இலைத்தூள் இல்லாத வெறும் தண்ணீரைக் குடுவையிலிருந்து நேராகக் குழலின் வாயில் ஊற்றினான். "அக்கா முடிச்சாச்சு. அடுத்தது ஐயாவோட முறை. குடிங்க ஐயா. எங்க வீட்டுல கூச்சப்படக் கூடாது."

குவளையைத் திருப்பிக் கொடுக்க நீட்டிய நிமியாவின் கை நின்றது.

அப்பாவும் ஊற்றியவர்தான். ஒவ்வொரு மதியமும். காய்ந்த தூளில் விடும் முதல் ஊற்று புனித தோமையாருக்கு என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இந்த வீட்டில் தோமையாரின் பங்கைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த ரைஃபிளின் வாயில் விடுவார். தொட்டியில் தண்ணீர் இல்லாத வருடங்களிலும். அவள் குளிக்காமல் சேர்த்து வைத்த தண்ணீரிலும். அவள் கத்தியிருக்கிறாள், குவளையைப் பிடுங்கியிருக்கிறாள். அவர் செத்த அன்று அந்த ரைஃபிளைக் கம்பளியில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளியபோது அவளுக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. ஆனால் அப்பா ஒருநாளும் அதற்கு முறை வைத்து ஊற்றியதில்லை. முதல் ஊற்று மட்டும். அது புனிதருக்கான பங்கு. அதற்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

"விளையாடாதே," என்றாள்.

"எதுக்கு? இன்னும் நன்றி சொல்லலையே அவரு." குவளை ஒரு சுற்று வந்ததும் மறுபடி ஊற்றினான். மூன்றாவது சுற்றிலும். சிரித்துக்கொண்டே.

டோன் எலிகியோ சிரிக்கவில்லை. "வெந்நீர் வேணும்மா. அந்தக் காலத்துத் தோட்டா உள்ளே உப்பை விட்டுட்டுப் போகும். கழுவினாத்தான் குழி இருக்கா இல்லையான்னு தெரியும். அது முடிஞ்சா எழுதிக் குடுத்துடறேன்."

அவள் ஒரு செம்புத் தண்ணீரைச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். முனகிக்கொண்டேதான் கொண்டுவந்தாள். குழலின் வாய் கீழே காலி வாளிக்குள், பின்பக்கத்தில் புனல். அவர் நிதானமாக ஊற்றினார். தண்ணீர் புனலில் சுழன்று இறங்கியது. நிமியா வாளியைப் பார்த்தாள். அதன் அடியில் புழுதியும், புழுதியில் ஒரு சின்னச் சிலந்தியும் இருந்தன. சிலந்தி அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

செம்பு காலியாயிற்று.

சிலந்தி நடந்தது.

"எங்கேயாவது ஓட்டையா?" என்றான் விதால்.

"ஓட்டைன்னா தரை நனையணும்."

இரண்டாவது செம்பு. மூன்றாவது செம்பை விதாலே தொட்டியிலிருந்து மொண்டு வந்தான், இப்போது அவனுக்கும் கோபம் வந்திருந்தது, ஏதோ வித்தை காட்டி விலையைக் கெடுக்கிறார்கள் என்று. "அக்கா, இது உன் வேலைதானே?" மூன்றாவதும் இறங்கியது. வாளி காய்ந்தே இருந்தது. டோன் எலிகியோ தான் கொண்டுவந்த தராசின் கொக்கியில் குழலை மாட்டித் தூக்கினார். கழற்றியவுடன் எடை போட்டபோது காட்டிய அதே அளவு. ஒரு துளியும் கூடவில்லை. அவர் கழற்றிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திரும்பப் பூட்டினார். பிறகு குழலின் வாயருகே குனிந்து காது வைத்தார், அப்படியே இருந்தார், அவர் முகத்தில் புழுதியின் நிறம் ஏறியது.

நிமியாவுக்குக் காது வைக்க வேண்டியிருக்கவில்லை. காற்று ஒரு கணம் மூச்சு வாங்கியபோது அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒரு விழுங்கல். தொண்டை இறங்கி ஏறும் சத்தம்.

"தகரம் சூட்டுல அப்படித்தான் கத்தும்," என்றான் விதால். "துரு இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க டோன் எலிகியோ."

"கண்ணாடி மாதிரி இருக்கு."

"அவ்வளவுதானே." அவன் செல்போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் தேடி முற்றத்து வெயிலுக்குப் போனான். குவளையைக் கையிலேயே கொண்டுபோனான்.

டோன் எலிகியோ குரலைத் தாழ்த்தினார். "இது எப்படிம்மா உங்க வீட்டுக்கு வந்தது?"

"கைகலப்புல பிடுங்கினதுன்னு தாத்தா சொல்லிட்டுத் திரிஞ்சாரு. ஊரும் நம்பிச்சு." சொல்லவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது, தாத்தாமேல், அப்பாமேல், இதையெல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டுச் செத்துப்போன எல்லார்மேலும். "ஒரு சண்டையும் நடக்கல. முள்ளுக்காட்டுல ஒரு போலீவியாக்காரப் பையன் வழி தவறி உட்கார்ந்திருந்தானாம். சுடறதுக்குக் கையில தெம்பு இல்ல. துப்பாக்கியை நீட்டி, இதை வெச்சுக்க, ஒரு வாய் தண்ணி குடுன்னானாம். தாத்தா வாங்கிக்கிட்டாரு. தண்ணி குடுக்கல. காய்ச்சல்ல அப்பா உளறினது இது. உளறல்னு நினைச்சேன்."

"உங்கப்பா முறை வெச்சு ஊத்தினாரா?"

"இல்ல. முதல் ஊத்து மட்டும்."

"இப்ப முறையில உட்கார வெச்சாச்சு." அவர் முற்றத்துப் பக்கம் பார்த்தார். "ஊத்தினவன் அவன். அது நன்றி சொல்ற வரைக்கும் அவன்தான் ஊத்தியாகணும். இன்னிக்கு இதை வெளியே அனுப்பாதீங்க. அவன்கிட்ட சொல்லுங்க. ஒரு பாதிரியாரைக் கூப்பிடுங்க, இல்லாட்டி கிடைச்ச தண்ணியெல்லாம் கொண்டாந்து..."

"நீங்க பார்த்ததை எழுதுங்க."

"அம்மா."

"எண் ஒண்ணா இருக்கா? இருக்கு. துரு இல்லையே? இல்ல. எழுதுங்க டோன் எலிகியோ. ஒன்பது வருஷம் நான் இந்த வீட்டுல யார்கிட்டயும் நன்றி வாங்கினதில்ல. அந்த விருந்தாளி மட்டும் எதுக்கு சொல்லணும்?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து மேசைப் புழுதியைத் துடைத்து அதன்மேல் வைத்தார். பிறகு எழுதினார். எல்லாம் அசல், எல்லாம் ஒரே எண், குழல் முதல் தரம். கூலி வாங்கவில்லை. வாசற்படியில் நின்று, புறப்படுமுன் ஒரு மடக்கு குடிக்கக் குடுவையைச் சாய்த்தார். மதியம் நிறைய ஐஸ் போட்டுக் கொண்டுவந்த குடுவை. ஒன்றும் வரவில்லை. உள்ளே விரலை விட்டார். விரல் காய்ந்தே வெளியே வந்தது. அவர் அதை மூடக்கூட இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

விதால் காகிதத்தைப் படித்தான், சிரித்தான், உப்பு ஜாடியை நகர்த்திப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். அவன் உதட்டோரம் வெள்ளையாக வெடித்திருந்தது. கையெழுத்துப் போடும்போது இரண்டு முறை எச்சில் விழுங்கப் பார்த்தான்.

"ஆறரை மணி பஸ்ஸுக்கு நேரம் இருக்கு," என்றான். "ஆனா உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறதுக்கு ரோட்டுல நிக்கறதே மேல். வழிக்கு ஒரு பாட்டில் தண்ணி குடு அக்கா. தொட்டி காலியா இருக்கு, பார்த்தியா? வண்டுகூட இல்ல."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவளுக்குத் தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்தது. முறை, முதல் ஊற்று, முள்ளுக்காடு, எல்லாம். அவன் கம்பளியில் ரைஃபிளைச் சுற்றிக்கொண்டே, அப்பா செத்த அறைச் சுவரை இன்னொரு முறை தட்டிப் பார்த்தான். வெறும் பழக்கத்தில்தான் தட்டியிருப்பான்.

"தண்ணி இல்ல," என்றாள் அவள். "பஸ்ல வாங்கிக்க."

அவன் போனான். அல்கரோபா மரம் தாண்டி, வேலி தாண்டி, வெள்ளை வெயிலுக்குள் அவன் முதுகு சிறுத்துக்கொண்டே போவதை அவள் பார்த்தாள். தோளில் கம்பளி மூட்டை. இரண்டு முறை தோளை மாற்றிக்கொண்டான். கனக்கிறதோ என்னவோ. தாழ்ப்பாள் போட்டாள்.

பத்திரத்தை மார்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடுவே நின்றாள். என் வீடு. சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். தன் அறைக்குப் போய்ப் பெட்டியை நகர்த்தினாள். அதன் பின்னால், பூட்டுப் போட்ட பலகைக் கூண்டுக்குள், இருபது லிட்டர் நீல டிரம். வறட்சிக் காலத்தில் எந்த வீட்டில்தான் இல்லை. மூடியைத் திறந்தபோது தண்ணீரின் குளிர்ந்த வாசம் முகத்தில் பட்டது. ஒரு குவளை குடித்தாள். இன்னொன்று. மூன்றாவதைக் குடிக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. தண்ணீர் தொண்டை வரை வருகிறது. வயிற்றுக்கு வரவில்லை.

காற்று நின்றிருந்தது.

நான்கு நாளாக நிற்காத காற்று. கூரை பேசவில்லை. நாய்கள் இல்லை. அந்த அமைதியில் வேலியருகே யாரோ கைதட்டினார்கள்.

யார் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான், வேலிக்கு வெளியே நின்று கைதட்டுவார்கள். ஆனால் இது சதை தட்டும் ஓசை இல்லை. இரண்டு விறகுத் துண்டுகள். தட். தட்.

அவள் அசையவில்லை. மதிய உறக்கத்தில் இருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லை.

தட். தட்.

இன்னொரு ஜோடிக் கை. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. முள்ளுக்காட்டில் காய்ந்த நெற்றுகள் மொத்தமாகக் குலுங்குவது போல. அவசரமில்லாமல். மரியாதையாக.

சன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

வேலியருகே விதால் நின்றான். கம்பளி இல்லை. ரைஃபிள் தோளில், அணிவகுப்பில் மாட்டுவதுபோல நேராக. அவன் சட்டை அவன்மேல் பெரிதாகியிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன் போனவனின் உதடுகள் பின்னுக்குச் சுருங்கிப் பல்லெல்லாம் வெளியே தெரிந்தன. கன்னம் ஒட்டி, தோல் பழைய சேணம்போலக் கறுத்திருந்தது. கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன. அந்தக் கண்களால் அவன் நேராக அந்த இடுக்கையே பார்த்தான்.

அவன் பின்னால் வரிசை. தண்ணி லாரி வரும் நாளில் ஊர் நிற்குமே, ஒருவர் பின் ஒருவராக, தள்ளாமல், முந்தாமல், அப்படி. வெயிலோடு வெயிலாக வெளிறிய பழைய ராணுவச் சட்டைகள். சிலருடைய கையில் தகரக் குவளை. சிலருடைய கையில் தொப்பி, மல்லாத்திப் பிடித்திருந்தார்கள். சிலர் வெறும் உள்ளங்கையைக் குழித்து நீட்டியிருந்தார்கள். வேலியோரமாக நீண்டு, நெடுஞ்சாலை தாண்டி, முள்ளுக்காடு தொடங்கும் இடம் தாண்டி வரிசை போயிற்று. முடியும் இடம் தெரியவில்லை.

ஒருவருக்கும் நிழல் இல்லை. விதாலுக்கும்.

அவள் கையில் இருந்த குவளை லேசாயிற்று. அதில் தண்ணீர் இல்லை என்று பார்க்காமலே தெரிந்தது.

வேலிப் படல் திறந்தது. அவன் வாய் அசைந்தது. வந்தது அவன் குரல் இல்லை. இந்த ஊர்க் குரலே இல்லை. போலீவிய மலைநாட்டு இழுவையோடு, இன்னும் உடைந்து முடியாத ஓர் இளங்குரல்.

"வீட்டுக்காரம்மா," என்றது அது, மிகவும் பணிவாக. "வீடு உங்களுதுன்னு சொன்னாங்க. எங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க."